நாற்பத்தொன்று கரை திரும்பியது

செப்டம்பர் 23, திங்கள்

வெள்ளாந்துறைக்குப் போய்வந்தேன். விசைப்படகு உரிமையாளர் சங்கத்தின் டோக்கன் அலுவலகம் என்பது ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஆடிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, அப்புறம் லெயோன் கோமஸ். காலை நாலரைக்கு ஜன்னலைத் திறந்து, கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பித்தளை டோக்கன் எடுத்துக் கொடுப்பார். சுவரில் பெரிய பலகை, அதில் நூற்றுப் பன்னிரண்டு ஆணிகள். படகு திரும்பினால் டோக்கன் ஆணிக்குத் திரும்பும். இரவு ஒன்பதுக்கு எந்த ஆணி வெறுமையாக இருக்கிறதோ, அந்தப் படகைத் தேடி ஆள் போகும். நாற்பது வருட வழக்கமாம்.

அந்தப் பலகைக்குப் பதிலாகத்தான் என் நிரல். சிப் வைத்த பிளாஸ்டிக் டோக்கன் படகுக்காரரிடமே இருக்கும். ஜன்னலில் ஒரு ரீடர். போகும்போது ஒரு தொடல், வரும்போது ஒரு தொடல், பக்கத்தில் எத்தனை பேர் என்று ஓர் எண்ணை அமுக்க வேண்டும். ‘கீ’ என்று சத்தம் வரும், திரையில் ஒரு வரி விழும்.

லெயோன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஆணி பொய் சொல்லாது சார். ஒங்க மிசினு?” என்றார்.

“ஆணிக்குத் துரு பிடிக்கும் அண்ணாச்சி, இதுக்குப் பிடிக்காது” என்றேன். நல்ல பதில்தான். பஸ்ஸில் வரும்போதும் நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அந்த அலுவலகக் கணினியில் என் நிரல் ஓடவில்லை. நான் சி ஷார்ப் மொழியில் எழுதுகிறவன். அப்படி எழுதும் நிரல் தன் காலில் நிற்காது. ரன்டைம் என்று ஒன்று கணினியில் முன்பே இருந்து இதைக் கைபிடித்து நடத்த வேண்டும். அங்கே இருப்பதோ தாத்தா காலத்துக் கணினி. இணையம் கிடையாது. ரன்டைமை நிறுவினால் பாதியில் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

வழி ஒன்று இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால் போதும். நிரலையும், நிரல் தொட்டுக்கொள்கிற, நூலகம் என்று நாங்கள் சொல்லும் சின்னச் சின்னத் துணை நிரல்களையும், ரன்டைமையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டித் தரும் கருவி ஒன்று உண்டு. அந்தக் கோப்பு போகிற இடத்தில் யாரிடமும் எதுவும் கேட்காது.

மனைவி கோமுவிடம் அரைமணி நேரம் விளக்கினேன். “கட்டுச்சோறுன்னு சொன்னா முடிஞ்சது. போற வழியில கடை இல்லன்னா கட்டிட்டுப் போக வேண்டியதுதானே” என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

செப்டம்பர் 26, வியாழன்

இருப்பது ஒரே ரீடர், அதுவும் துறைமுகத்தில். வீட்டில் எப்படிச் சோதிப்பது? போலி நூலகம் ஒன்று எழுதிக்கொண்டேன். தினமும் மாலை நாலு பத்துக்கு, நாற்பத்தொன்றாம் எண் டோக்கன் கரை திரும்பியதாகவும், நான்கு பேர் இறங்கியதாகவும் நிரலிடம் பொய் சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நாற்பத்தொன்று எதற்கென்றால், மகளின் பல்லைக் காட்டப் போன இடத்தில் நேற்று எங்களுக்குக் கிடைத்த சீட்டு எண் அது.

கட்டும் முன் இதை எடுத்துவிட வேண்டும்.

செப்டம்பர் 30, திங்கள்

கட்டிவிட்டேன். கட்டளையை அடித்ததும் கருவி, தான் எடுத்துப் போடும் நூலகங்களின் பெயரை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போனது. கல்யாண வீட்டு மொய் வாசிப்பதுபோல இருந்தது. எண்ணவில்லை. பிழை எதுவும் வரவில்லை, அதைத்தான் பார்த்தேன். கடைசியில் ஒரே கோப்பு, பென் டிரைவில் அடக்கம்.

வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன். நாலு பத்துக்கு நாற்பத்தொன்று ஒழுங்காகக் கரை திரும்பியது. எல்லாம் சரி.

அக்டோபர் 1, செவ்வாய்

திறப்பு விழா. சங்கச் செயலாளர் மைக் பிடித்து, “இனிமே நம்ம துறையில ஒரு உசுரும் கணக்கில்லாமப் போவாது” என்றார். எனக்குச் சால்வை. பலகையை இரண்டு பேர் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் அதன் அளவுக்கு வெளுத்த கட்டம் தெரிகிறது. லெயோன் அதைப் பார்த்துக்கொண்டே சர்பத் குடித்தார்.

சால்வையைக் கோமு பீரோவில் மேல்தட்டில் வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 4, வெள்ளி

லெயோன் போன் செய்தார். நாற்பத்தொன்றாம் படகு ‘சந்தன மாதா’. ஓட்டுகிறவர் தொபியாஸ் மச்சாது, சொந்தப் படகு. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து டோக்கனைத் தொட்டிருக்கிறார். ‘ஏற்கெனவே கரை திரும்பியது’ என்று திரை சொல்லியிருக்கிறது.

“ரெண்டு தடவை தொட்டிருப்பாங்க. ஒரு தடவை தொடச் சொல்லுங்க” என்றேன்.

“தொபியாஸு அப்படிச் செய்யுற ஆளு இல்ல சார்.”

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். மிஷினைக் குறை சொல்லப் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 8, செவ்வாய்

மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

மத்தியானத்திலிருந்து காற்று. காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டு முருங்கையில் போய் மாட்டிக்கொண்டது. இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மகளுக்கு ஆடுகிற பல் விழுந்தது. சாயங்காலம் வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

அக்டோபர் 16, புதன்

காலை எட்டு மணிக்குச் செயலாளர் போனில் வந்தார்.

“தம்பி, நாப்பத்தொண்ணு நேத்து வீடு திரும்பலன்னு தொபியாஸு பெஞ்சாதி மெற்றில்டா வந்து அழுதுக்கிட்டு நிக்கா. மிசின்ல பாத்தா நாலு பத்துக்கு நாலு பேரும் கரை ஏறியாச்சுன்னு இருக்கு. அப்பம் வந்து தொட்டுட்டு, டோக்கன் தொடாம மறுபடி போயிருக்கான். அப்படிப் போறவன சங்கம் தேடாது, அது ஊர்க் கட்டுப்பாடு. ஒங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மிசினு தப்புக் காட்டுமா?”

“காட்டாது அண்ணாச்சி.”

“அது போதும் தம்பி” என்று வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்குச் சும்மா இருக்கட்டும் என்று, அன்றைக்குக் கட்டியபோது கருவி சொன்ன பட்டியலைத் திறந்து எண்ணினேன். இருபத்துநான்கு வரி. எனக்கு வேண்டியது இருபத்துமூன்று. கடைசிப் பெயரைப் படித்தேன். நாளைக்கு நிதானமாகப் பார்க்க வேண்டும். உடனே போன் செய்யலாம்தான், ஆனால் செயலாளர் சாப்பிடும் நேரம். அப்புறம் கேஸ் சிலிண்டர் மாற்றினேன். வாஷர் தேய்ந்திருந்தது, வேறு போட்டேன்.

நாலரைக்கு லெயோன். குரலே சரியில்லை. காற்று எச்சரிக்கையால் இன்று எந்தப் படகும் போகவில்லையாம், அலுவலகத்தில் அவர் மட்டும்.

“நாலு பத்துக்கு ரீடரு ‘கீ’ன்னு கத்துச்சு சார். ஆணையா சொல்லுதேன், பக்கத்துல ஆள் இல்ல. திரையில நாப்பத்தொண்ணு, நாலு பேருன்னு விழுது. மெற்றில்டா பத்தடி தள்ளி நிக்கா, அவ கையும் நீட்டல. கிட்டப் போய்ப் பாத்தா ரீடரு நனஞ்சிருக்கு. மழயும் இல்ல ஒண்ணும் இல்ல.”

“லூஸ் கான்டாக்ட். யார்கிட்டயும் சொல்லிக் கலவரம் பண்ணாதீங்க. நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன்” என்றேன்.

திரையில் வரி விழுவது புரிகிறது. அது அந்த நூலகத்தின் வேலை. ஆனால் ரீடரைக் கத்த வைக்க அதற்குத் தெரியாது. அது ரீடர் பக்கமே போகாது. நான் எழுதியது எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 17, வியாழன்

காலையிலேயே காற்று அடங்கிவிட்டது. வெள்ளாந்துறையில் இறங்கும்போது படகுகள் எல்லாம் வழக்கம்போலத் தொழிலுக்குப் போயிருந்தன. நாற்பத்தொன்றைத் தேடி ஒரு படகும் போகவில்லை.

மெற்றில்டா ஜன்னல் ஓரத்தில் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்த முகம். நான்தான் மிஷின் செய்தவன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“சார், இங்க வாங்க” என்று படகு அணையும் பாலத்துப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனாள். இந்தத் துறையில் படகேறுகிறவர்கள் செருப்பைப் படியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவார்கள், திரும்பி வந்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மூன்றாம் படியில் நான்கு ஜோடி செருப்புகள் இருந்தன. ஒன்றில் வார் அறுந்து நூல் போட்டுத் தைத்திருந்தது.

“இது எங்க வீட்டுக்காரவிய செருப்பு. மத்தது கூடப் போனவிய செருப்பு. செவ்வாக்கெழம கரை ஏறிட்டாவன்னு சொல்லுதாவளே, கரை ஏறுனவன் செருப்பு மாட்டாமலா திரும்பப் போவான்? நாலு பேருமா மறப்பாவ?”

“பார்த்துச் சொல்றேன்மா” என்றேன்.

“ஒங்க மிசினு சொன்னாத்தான் தேடப் போவாவளாம் சார்.”

உள்ளே வந்து கணினி முன்னால் உட்கார்ந்தேன். மூன்று மணி. மூன்றரை. நான் எதையும் தொடவில்லை. நாலு பத்துக்கு ரீடர் ‘கீ’ என்றது. என் கைகள் இரண்டும் மேசைமேல் இருந்தன, லெயோன் கதவுக்குப் பக்கத்தில் நின்றார், ஜன்னலில் யாரும் இல்லை. திரையில் வரி விழுந்தது.

41. சந்தன மாதா. கரை திரும்பியது. 3 பேர்.

லெயோன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “நேத்து நாலுல்லா சார் போட்டுச்சு?”

ரீடரைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனேன். கடல் தண்ணீர். நான் அந்த நூலகத்தில் எழுதியது நான்கு. நாற்பத்தொன்றும் நான்கும் நாலு பத்தும் கல்லில் வெட்டியதுபோல உள்ளே இருக்கின்றன. அவற்றை மாற்ற ஒரு வரிகூட எழுதவில்லை. கட்டின பிறகு அதற்குள் யாரும் கை வைக்கவும் முடியாது.

சத்தம் கேட்டு மெற்றில்டா ஜன்னலுக்கு ஓடிவந்தாள். “என்ன சார் போட்டிருக்கு?”

திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

“ஒண்ணுமில்லம்மா.”

ஐந்தே கால் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். பயமாக இருக்கிறது. எதற்கு என்று கேட்டால், அந்த ஈரத்துக்கு என்று எழுதலாம். அதற்கு மட்டும் இல்லை. செயலாளரிடம் என்ன சொல்வது என்பதற்கும்தான். மைக்கில் என் பெயரைச் சொன்ன அதே ஆள்.

அக்டோபர் 18, வெள்ளி

மூன்று, மூன்று என்று விடியும்வரை மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு இரண்டு என்று விழுந்தால்?

ஆறரைக்குச் செயலாளரை எழுப்பினேன். “அண்ணாச்சி, மிஷின் தப்பு. என் தப்பு. செவ்வாய்க்கிழமை நாற்பத்தொன்று வரவே இல்லை. நாலு பத்துன்னு இருக்கிறது நான் சோதனைக்கு வச்ச பொய். இன்னைக்குக் காலையிலதான் பிடிபட்டது” என்றேன். அவர் திட்டவில்லை. உடனே யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். ஏழரைக்கு ஆறு படகுகள் கிளம்பிவிட்டதாக லெயோன் சொன்னார்.

நான் போலி நூலகத்தை அழித்துவிட்டு மறுபடி கட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்து எண்ணினேன். இருபத்துமூன்று. இரண்டாம் தடவையும் எண்ணினேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெள்ளாந்துறையில் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாயிற்று.

நாலு பத்துக்கு ரீடர் சத்தமே போடவில்லை. உலர்ந்துதான் இருந்தது. லெயோனும் நானும் நாலரை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 19, சனி

விடியற்காலையில் கண்டுபிடித்துவிட்டார்கள். தென்கிழக்கே வெகுதூரத்தில், கவிழ்ந்த படகின் முதுகில் மூன்று பேர். உயிரோடு. தொபியாஸ் இல்லை.

தொபியாஸுக்கு உதவியாகப் போனவர் ஆஸ்பத்திரியில் சொன்னதை லெயோன் எனக்குச் சொன்னார். செவ்வாய் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓர் அலை வந்து படகைப் புரட்டியது. தொபியாஸுக்கு விலாவில் அடி. இருந்தும் மற்ற மூன்று பேரையும் கயிற்றால் படகோடு கட்டியது அவர்தான். தன்னைக் கட்டிக்கொள்ளக் கயிறு போதவில்லை. கையால் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறார். செவ்வாய் இரவே தேடி வருவார்கள், ஒன்பது மணிக்கு மேல் யாராவது வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். வியாழக்கிழமை தூரத்தில் படகுகள் போவதைப் பார்த்துச் சட்டையைக் கழற்றி ஆட்டியிருக்கிறார். எதுவும் திரும்பவில்லை. வெயில் சாயும்வரை பேச்சு இருந்தது. அப்புறம் கை விட்டுவிட்டது.

“சாயங்காலம் நாலு மணி வாக்குல இருக்கும்னு சொல்லுதான் சார்” என்றார் லெயோன்.

அக்டோபர் 21, திங்கள்

மூன்று பேரும் கஞ்சி குடிக்கிறார்களாம். தொபியாஸின் உடல் கிடைக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல்.

அக்டோபர் 24, வியாழன்

சங்கக் கூட்டம். அடி விழும் என்று நினைத்துத்தான் போனேன். செயலாளர் எழுந்து, “தப்பு நடந்துபோச்சு. ஆனா தெரிஞ்ச நிமிசமே போன் போட்டு ஒத்துக்கிட்டான். அதனால மூணு உசுரு மிச்சம்” என்றார். சிலர் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதற்காகக் கேட்டார்கள், “மிசினு தப்புன்னு எப்பம் தெரிஞ்சுது?”

“வெள்ளிக்கிழமை காலையில.”

எழுதிக்கொண்டார்கள். வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கினார்கள். லெயோன் என்னைப் பார்த்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

அக்டோபர் 26, சனி

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கோமு கூப்பிட்டாள். தலைவலி என்றேன். அவள் போன பிறகு இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பதினாறாம் தேதியை நானே கைப்பட எழுதி வைத்திருக்கிறேன். இருபத்துநான்கு வரி என்று இருக்கிறது. கடைசிப் பெயரைப் படித்தேன் என்று இருக்கிறது. அதற்குக் கீழே வாஷர் மாற்றிய கதை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். நான் மறைத்ததையும் விட்டுவைக்காமல் எழுதி, தேதியும் போட்டிருக்கிறேன்.

கோமு வந்ததும் சொல்லிவிட்டேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்றாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மெற்றில்டா வீட்டுக்குப் போனேன். வாசலில் இருந்த பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். மெற்றில்டா கறுப்புச் சேலையில் இருந்தாள். உட்காரச் சொல்லிக் கடுங்காப்பி கொண்டுவரச் சொன்னாள். கூட்டத்தில் நான் தப்பை ஒத்துக்கொண்டதை யாரோ அவளிடம் நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“மூணு வீட்டுலயும் ஒங்களத்தான் சொல்லுதாவ சார்” என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தேன். ஒரு வார்த்தையும் அந்த வரிசையில் வரவில்லை.

“வெள்ளிக்கிழமை தெரிஞ்சதுன்னு சொன்னது பொய்ம்மா. எனக்குப் புதன்கிழமை காலையில பதினோரு மணிக்கே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. பயந்துட்டேன். என் பேரு கெட்டுப்போகும்னு பயந்துட்டேன். சங்கத்துலயும் போய்ச் சொல்லப்போறேன். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மெற்றில்டா எதையோ கணக்குப் பார்ப்பதுபோலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பம் வியாழக்கெழம நான் ஒங்களப் படிக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்பம், அவிய உசுரோட இருந்தாவ.”

“ஆமா” என்றேன்.